இங்கிலீஷ் படிப்பும் தாய்ப் பாஷையும்



இங்கிலீஷ் படித்தால் தமிழ் செத்துப் போகுமா என்பதைப் பற்றிப் பேசும்படி இங்கு நம்மைக் கேட்டிருக்கிறார்கள். இவ்விஷயத்தில் இரண்டு கூட்டத்தார் இருக்கிறார்கள். இங்கிலீஷ் தெரிந்தவன்தான் மனிதன், தமிழ் கூலிக்காரன் பாஷை என்பது ஒரு கூட்டம். தமிழ் தெய்வ பாஷை, அதில் இல்லாதது ஒன்றுமில்லை, ஆகையால் வேறு பாஷையே வேண்டாம் என்பது மற்றொரு கூட்டம். இந்த இரண்டாவது கூட்டத்தாரில் அநேகருடைய பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கின்றன என்று விசாரித்துப் பாருங்கள். அதற்குமேல் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

பாஷை என்பது ஒருவன் கருத்தை மற்றொருவன் தெரிந்துகொள்ள ஏற்பட்ட சாதனமே ஒழிய, எந்தக் கடவுள் வாயிலிருந்தும் விழுந்ததல்ல. நம் இயக்கம் நடந்துகொண்ட மாதிரியைப் பார்த்தாலே இது விளங்கும். 1925-ல் ஈரோட்டில் "குடி அரசு" தமிழில் ஆரம்பிக்கப்பட்டது. 1928-ல் "ரிவோல்ட்" என்கின்ற இங்கிலீஷ் வாரப் பத்திரிகையையும் அதே இயக்கம் நடத்திற்று. 1931-ல் மார்க்சும் எங்கெல்சும் எழுதிய சமதர்ம அறிக்கை "குடி அரசு"வில் தமிழில் வந்தது. இங்கிலீஷ் தெரிந்த நாலு பேர் அதைப் படித்துவிட்டு அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தால், ஒரு இங்கிலீஷ் எழுத்தும் அறியாத நெசவுக்காரருக்கும் மூட்டை தூக்குகிறவருக்கும் அது எப்படி எட்டியிருக்கும்? 1935-ல் எழுத்துச் சீர்திருத்தம் செய்தபோது தமிழின் புனிதம் கெட்டுவிட்டதாகப் பயந்தவர்களும் உண்டு. 1978-ல் சர்க்காரே அச்சீர்திருத்தத்தின் பெரும்பாகத்தை ஏற்றுக்கொண்டது. அதனால் தமிழ் சாகவில்லை. குழந்தைகளுக்கு எழுதப் படிக்கச் சுலபமாயிற்று.

"இந்தியை எதிர்த்தவர்கள் இங்கிலீஷை மாத்திரம் ஆதரிக்கலாமா?" என்கிறார்கள். 1938-ல் நாம் எதிர்த்தது கட்டாயத்தை. நடராசனும் தாளமுத்துவும் 1939-ல் உயிர்விட்டதும் அதற்காகத்தான். 1940-ல் அக்கட்டாயம் எடுபட்டது. 1968-ல் சட்டசபையில் தமிழும் இங்கிலீஷும் போதும் என்று தீர்மானமாயிற்று. இதைப் பற்றி இவ்வளவு போதும்.

இனி இன்றைய நிலைமையைக் கவனிப்போம். கிராமத்துக் குடியானவர் கடன் வாங்கி, நகையை அடகு வைத்துப் பிள்ளையை இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கு அனுப்புகிறார். அவரை நாம் குற்றம் சொல்லமாட்டோம். இங்கிலீஷ் தெரிந்தவர்கள் உத்தியோகத்தையும் பணத்தையும் தட்டிக்கொண்டு போனதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர் வேறென்ன செய்வார்? ஆனால் அப்பிள்ளை சாயந்தரம் வீட்டுக்கு வந்து மழை எப்படிப் பெய்கிறது என்கிற பாடத்தை இங்கிலீஷில் கடகடவென்று ஒப்புவிக்கிறது. "அப்படியென்றால் என்னடா?" என்று தகப்பனார் கேட்டால் விழிக்கிறது. வாத்தியாரைக் கேட்டாலும் பல இடங்களில் இதே கதிதான். தோழர்களே, புரோகிதன் சொல்லும் மந்திரத்தை அர்த்தம் தெரியாமல் திருப்பிச் சொல்லுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சமஸ்கிருதக் கலியாணம் வேண்டாம், புரிகிற பாஷையில் உறுதிமொழி போதும் என்று போராடி, 1967-ல் சட்டமும் செய்துகொண்ட நாம், பள்ளிக்கூடத்தில் ஒரு புது மந்திரத்தை, அதுவும் பணம் கட்டி, வாங்குவதா? அதோடு தமிழில் பேசியதற்காகப் பிள்ளைக்கு அபராதம் போடுகிற பள்ளிகளும் இருக்கின்றன. தாயாரோடு பேசுகிற பாஷை குற்றம் என்று கற்ற பிள்ளை, நாளைக்குத் தாயாரையே கூட்டத்தில் காட்ட வெட்கப்படாதா?

பெரிய சாஸ்திரங்களைத் தமிழில் சொல்லிக்கொடுக்க முடியாது என்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லுகிறோம். சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க டாக்டர் 1847-ல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். மதம் பரப்ப வந்த கூட்டத்தைச் சேர்ந்தவர்தான். அந்தப் பாகத்தைத் தள்ளிவிடுங்கள். முதலில் அவர் வைத்தியத்தை இங்கிலீஷில் சொல்லிக்கொடுத்தார். படித்தவர்கள் சம்பளத்தைத் தேடி வெளியே போய்விட்டார்கள். கிராமத்து நோயாளி பழையபடியே கிடந்தான். ஆகவே அவர் தமிழைக் கற்று, வைத்திய புஸ்தகங்களைத் தமிழில் செய்து, 1864 முதல் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். "பிரசவ வைத்தியம்", "இரண வைத்தியம்" முதலிய புஸ்தகங்கள் அப்படி உண்டானவை. அவர் தயார் செய்த அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் தமிழில் படித்தவர்கள். மின்சார விளக்குகூட இல்லாத காலத்தில் முடிந்தது இன்று ஏன் முடியாது? பாஷைக்குச் சக்தி இல்லை என்பது பொய். மொழிபெயர்க்கச் சோம்பலும், அறிவு பரவினால் தம் பெருமை குறைந்துவிடுமோ என்ற பயமுந்தான் தடை.

நம்மையும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். நீலகிரியில் தோடர்களுக்கும் கோத்தர்களுக்கும் சொந்தப் பாஷைகள் உண்டு. பேசுகிறவர்கள் சில ஆயிரத்தைத் தாண்டமாட்டார்கள். அந்தப் பிள்ளை பள்ளிக்கு வந்தால், இந்தி நமக்கு எப்படியோ அப்படித்தான் தமிழ் அதற்கு. அதன் பாஷையைக் கேட்டு வாத்தியாரும் மற்றப் பிள்ளைகளும் சிரித்தால், டில்லிக்காரனைப் பற்றிப் பேச நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அதன் பாஷையில் ஆரம்பித்துத் தமிழுக்கும் பிறகு இங்கிலீஷுக்கும் அதைக் கூட்டிக்கொண்டு போகட்டுமே.

ஆகவே நாம் கேட்பது, பிள்ளைக்கு விஷயம் புரிகிற பாஷையில் பாடம், அதோடு இங்கிலீஷைத் தெரிந்த வாத்தியாரைக் கொண்டு, பேசவும் எழுதவும் வருகிறமாதிரி நல்ல இங்கிலீஷ். இது பணக்காரப் பிள்ளைக்கு மாத்திரமல்ல, சேரிப் பிள்ளைக்கும் வேண்டும். முன்னாலேயே இங்கிலீஷ் படித்துவிட்டவர்களுக்கும் வேலை இருக்கிறது. சென்னை ஹைகோர்ட்டில் தமிழும் வழங்க வேண்டும் என்று 2006-ல் சட்டசபை தீர்மானம் செய்தும், தீர்ப்பு இங்கிலீஷில்தான் வருகிறது. தன் நிலம் போயிற்றா நின்றதா என்று தெரிந்துகொள்ள, வழக்காடியவன் இன்னொருவன் வாயைப் பார்க்கிறான். பாங்கிக் கடன் பத்திரமும், மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் காகிதமும் பெரும்பாலும் அப்படியே. இந்த ஊர் வாசகசாலையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் இவற்றைப் படித்துத் தமிழில் சொல்ல நாலைந்து பேர் வேண்டும். இங்கிலீஷ் தெரிந்த தோழர்கள், ஆணாயினும் பெண்ணாயினும், கூட்டம் கலைவதற்குள் காரியதரிசியிடம் பெயரைக் கொடுத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.