726 கடிதங்கள்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஓய்வு பெற்ற ஆசிரியர்களைக் கௌரவிக்கிற நிகழ்ச்சி, நீயும் நாலு வார்த்தை பேசு என்று செயலாளர் சொல்லிவிட்டார். என் ஆசிரியர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருக்க, அவர்களைப் பற்றிப் பேச எனக்குக் கூச்சம். அதனால் அமெரிக்காவில் வாழ்ந்த ஒரு டீச்சரைப் பற்றிச் சொல்கிறேன்.

செப்டிமா கிளார்க். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் 1898-இல் பிறந்த கறுப்பினப் பெண். தந்தை அடிமையாகப் பிறந்தவர். 1916-இல் பக்கத்திலுள்ள ஜான்ஸ் தீவில் ஆசிரியை ஆனார். கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. சங்கத்தில் உறுப்பினர். அரசு ஊழியர்கள் அந்தச் சங்கத்தில் இருக்கக் கூடாது என்று 1956-இல் மாநிலம் சட்டம் போட்டது. பலர் வாயைத் திறக்கவில்லை. இவர் மறைக்க மறுத்தார். நாற்பது வருஷ வேலை போயிற்று, பென்ஷனும் போயிற்று. அப்போது வயது 58. நம் ஊரில் வெகுகாலம் ஓய்வு வயதாக இருந்த அதே 58!

சட்டத்தை எதிர்ப்போம் வாருங்கள் என்று கறுப்பின ஆசிரியர்களுக்கு அவர் 726 கடிதங்கள் எழுதினார். பதில் போட்டவர்கள் 26 பேர். அதிகாரியை நேரில் பார்க்க வருகிறேன் என்றவர்கள் 11 பேர். அன்றைக்கு வந்து நின்றது 5 பேர்தான். நானாக இருந்தால் அந்த ஐந்தில் இருந்திருப்பேனா? வீட்டுக் கடன் ஞாபகம் வந்திருக்கும், சத்தியமாகச் சொல்கிறேன்.

ஆனால் அவர் யாரையும் திட்டவில்லை. அவர்களைத் தயார் செய்யாமல் கூப்பிட்டது என் தவறு என்றுதான் பின்னாளில் சொன்னார்.

அந்தக் காலத்தில் அங்கே ஓட்டர் பட்டியலில் பெயர் சேர்க்க, மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைப் படித்துக் காட்ட வேண்டும். படிக்காத கறுப்பின மக்களை வெளியே நிறுத்த அதுவே போதும். அதற்காக 1957 ஜனவரியில் ஜான்ஸ் தீவில் ஒரு மளிகைக் கடையின் பின்னறையில் இரவு வகுப்பு தொடங்கியது. முன்னால் கடை இருந்ததால் வெள்ளையருக்குச் சந்தேகம் வரவில்லை. 14 பேர் வந்தார்கள். பாடம் சொல்ல கிளார்க் தேர்ந்தெடுத்தது, பியூட்டி பார்லர் நடத்திய பெர்னீஸ் ராபின்சன் என்ற தம் உறவுப் பெண்ணை. படித்த டீச்சர் என்றால் பாமரரை மட்டமாகப் பார்த்துவிடுவாரோ என்ற பயம். (ஆசிரியர்கள் மன்னிக்க வேண்டும், சொன்னவரும் டீச்சர்தான்!) ராபின்சன் குழந்தைகளின் பாடப் புத்தகத்தோடு போனார். பிறகு அதை ஓரம் கட்டிவிட்டு, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். கையெழுத்துப் போடணும், மணியார்டர் பாரம் நிரப்பணும், பைபிள் படிக்கணும் என்றார்கள். பாடத்திட்டம் அதுவே ஆயிற்று.

1961-இல் மார்ட்டின் லூதர் கிங்கின் இயக்கம் இந்த வகுப்புகளை ஏற்றுத் தென் மாநிலங்கள் முழுக்கப் பரப்பியது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் கிளார்க். இந்த முறை தயார் செய்துதான் அனுப்பினார்.

பறித்த பென்ஷனை மாநிலம் 1976-இல் திருப்பிக் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 78. 1987-இல் காலமானார்.

சால்வைகள் காத்திருக்கின்றன. நான் உட்காருகிறேன்.