பழையது கொடுக்கும் முறை

தீபாவளி நெருங்கினால் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கெலானா சாலையிலும் புதுத்துணிக்குக் கூட்டம் அலைமோதும். அலமாரியில் கிடக்கும் பழையது எங்கே போகும்?

ரட்சணிய சேனை போன்ற அமைப்புகள் நடத்தும் பழைய பொருள் கடைகளுக்குப் போகலாம். இலவசமாக வந்ததை விற்று, கிடைக்கும் வெள்ளியில் அறப்பணி செய்கிறார்கள். கிரேக்கப் பஞ்சத்தில் வாடியவர்களுக்கு உதவ 1942இல் பிறந்த ஆக்ஸ்பாம் என்ற தொண்டு அமைப்பு, 1947இல் ஆக்ஸ்போர்டு பிராட் தெருவில் இப்படித்தான் கடை போட்டது. ஒருமுறை உயிருள்ள கழுதையையே விற்றார்களாம்!

ஆனால் கிழிந்த சட்டையும் ஓடாத மின்விசிறியும் தானமல்ல. அவற்றைக் குப்பைக்கு அனுப்பவே கடைக்குச் செலவு. துவைத்து, மடித்து, கடை திறந்திருக்கும் நேரத்தில் கையில் கொடுங்கள். இரவில் வாசலில் போட்டுவிட்டு வராதீர்கள்; நம்மூர் மழை சொல்லிக்கொண்டா வருகிறது?