தேடி வருவோர்க்கு வழி காட்டுவோம்

(சோமனூரில் விசைத்தறியாளர்களும் விவசாயிகளும் கூடியிருந்த கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



இவ்வூரில் தறி ஓடும்போது யாரும் தூக்கம் கெட்டதென்று சொல்வதில்லை. தறி நின்றால்தான் தூக்கம் கெடுகிறது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கூலி உயர்வு கோரி இப்பகுதித் தறிகள் வாரக்கணக்கில் நின்றிருந்த நாட்களை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நம்மில் பெரும்பாலோர் கூலிக்கு நெய்கிறவர்கள். பாவும் நூலும் வேறொருவருடையவை; நெய்து முடிந்த துணியும் வேறொருவருடையது. தறியும் உழைப்பும் மட்டுமே நம்முடையவை. பத்துத் தறிகளில் இரண்டையாவது சொந்தக் கணக்கில் ஓட்டினால் என்ன என்று எண்ணாதவர் இங்கே அரிது. ஆனால் எண்ணியவர் முன்னே நிற்கும் முதற் கேள்வி, "நெய்த துணியை வாங்குவது யார்?" என்பதே. வாங்குகிறவர் அகமதாபாத்திலோ கல்கத்தாவிலோ இருக்கிறார். அவருக்கு நம்மைத் தெரியாது; நமக்கு அவரைத் தெரியாது.

இவ்விருவரையும் சேர்த்துவைக்க இக்காலத்தில் ஒரு சாதனம் இருக்கிறது. அதுவே வலைத்தளம். ஆயினும் வலைத்தளம் வைத்தவர் எல்லோருக்கும் வியாபாரம் வந்துவிட்டதா? இல்லை. ஏன் வரவில்லை என்பதையும், வருவதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதையும் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

நமது வட்டாரத்தில் பன்னிரண்டு தறிகள் வைத்திருக்கும் ஒரு குடும்பம் உண்டு. அவ்வீட்டு மகன் பட்டதாரி. தகப்பனாரிடம் மன்றாடிப் பணம் பெற்று, வெளியார் ஒருவரைக்கொண்டு ஒரு வலைத்தளம் அமைத்தார். ஆறு மாதம் ஆயிற்று. ஒரு விசாரணைகூட வரவில்லை. தகப்பனாரும் மகனும் பேச்சு வார்த்தை குறைந்த நிலையில் நம் அலுவலகத்துக்கு வந்தார்கள். "ஏனுங்க ஐயா, இதை மூடிப்போட்டா மிச்சப் பணமாவது திரும்புமுங்களா?" என்று பெரியவர் கேட்டார். மூட வேண்டாம், முதலில் நோய் என்னவென்று பார்ப்போம் என்று சொல்லி உட்கார்ந்தோம். அன்று கண்ட நான்கு குறைகளே இன்றைய உரையின் சாரம்.

அதற்கு முன் தேடுபொறி எவ்வாறு வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வது அவசியம். நில விஷயத்தில் உங்களுக்கு அனுபவம் உண்டு. கிராம நிர்வாக அலுவலர் வயலைப் பார்வையிடுகிறார். என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று அடங்கலில் எழுதுகிறார். பிறகு யாரேனும் கேட்டால் ஏட்டைப் பார்த்துச் சொல்கிறார். தேடுபொறி செய்வதும் இம்மூன்றே. அதன் நிரல்கள் ஓயாமல் தளம் தளமாகச் சென்று பக்கங்களைப் படிக்கின்றன. படித்ததைப் பெரியதோர் அட்டவணையில் பதிகின்றன. யாரேனும் ஒரு சொல்லைத் தேடினால், பொருத்தமான பக்கங்களை அவ்வட்டவணையிலிருந்து எடுத்து வரிசைப்படுத்திக் காட்டுகின்றன. பயிர் எவ்வளவு செழித்திருந்தாலும் அடங்கலில் ஏறாவிட்டால் ஏட்டில் அது இல்லாத பயிர்தான். அட்டவணையில் ஏறாத வலைத்தளமும் அப்படியே.

முதற்குறை அங்கேதான் இருந்தது. தளத்தைக் கட்டிக்கொண்டிருக்கும் காலத்தில், வேலை முடியும்வரை தேடுபொறிகள் பார்வையிட வேண்டாம் என்று ஓர் அமைப்பைப் போட்டு வைப்பார்கள். வேலை முடிந்தபின் அதை எடுத்துவிட வேண்டும். கட்டிக் கொடுத்தவர் எடுக்க மறந்துவிட்டார். கடையைத் திறந்து விளக்கேற்றிவிட்டு வாயிற்கதவைப் பூட்டி வைத்த கதை! இதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. தேடும் பெட்டியில் 'சைட்' என்னும் ஆங்கிலச் சொல்லையும், அதை ஒட்டி முக்காற்புள்ளியையும், இடைவெளியின்றித் தள முகவரியையும் எழுதித் தேடுங்கள். உங்கள் பக்கங்கள் வந்தால் பெரும்பாலும் கவலையில்லை. ஒன்றும் வராவிட்டால் காரணத்தைத் தேட வேண்டும். கூகுள் நிறுவனம் 'சர்ச் கன்சோல்' என்றொரு வசதியை இலவசமாகவே அளிக்கிறது. தளம் நம்முடையதுதான் என்று அதில் மெய்ப்பித்துவிட்டால், எந்தப் பக்கம் அட்டவணையில் ஏறியது, எது ஏறவில்லை, எந்தச் சொல்லைத் தேடி மக்கள் வந்தார்கள் என்பதையெல்லாம் நாமே பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது குறை: துணியின் விவரம் முழுவதும் ஒரு படமாக இருந்தது. அழகான அட்டை ஒன்றை அச்சிட்டு, அதைப் புகைப்படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். மனிதக் கண்ணுக்கு அது எழுத்து. பார்வையிட வரும் நிரலுக்கோ அது படமே. ஆகவே விவரங்களை எழுத்தாகவே எழுதவேண்டும். படம் போடலாம், ஆனால் அது என்ன படம் என்பதை ஒரு வரியில் மாற்றுரையாகக் குறிக்கவேண்டும். எஞ்சியிருந்த தமிழ்ப் பகுதியோ பழைய எழுத்துருவில் இருந்தது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற ஆங்கிலக் குறிகளாகத் தெரியும், தேடுபொறிக்கும் அவ்வாறே. 2010ஆம் ஆண்டு ஜூன் மாதம் நமது கோவை நகரிலே உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்ற சமயத்தில், தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது உங்களில் பலருக்கு நினைவிருக்கலாம். ஒருங்குறியில் எழுதினால்தான் தமிழில் தேடுகிறவருக்கு நம் தமிழ் கிடைக்கும்.

மூன்றாவது குறை சொற்களைப் பற்றியது, இதுவே முக்கியமானது. தளத்தின் எல்லாப் பக்கங்களுக்கும் தலைப்பு 'வெல்கம்' என்றே இருந்தது. உள்ளே நிறுவனத்தின் பெயரும், தரமே எங்கள் தாரகமந்திரம் என்பது போன்ற வாசகங்களும் இருந்தன. நம்மை அறியாத வியாபாரி நம் நிறுவனப் பெயரைத் தேடுவாரா? அவர் தமக்கு வேண்டிய பொருளைத் தேடுவார். காடா துணி, இன்ன அகலம், இன்ன கவுண்ட் நூல், அங்குலத்துக்கு இத்தனை பாவு, இத்தனை ஊடை என்று தேடுவார். கூலி பேசும்போது சோமனூர் ரகம், பல்லடம் ரகம் என்று பிரித்துப் பேசுகிறோம். அது நமக்குப் புரியும். வடநாட்டு வியாபாரிக்குப் புரியாது. ஆகையால் நம் வழக்குச் சொல்லையும் எழுதவேண்டும். அவர் வழங்கும் சொல்லையும் எழுதவேண்டும். காடா துணி என்பதோடு 'கிரே கிளாத்' என்பதையும் ஆங்கிலத்தில் எழுதத்தான் வேண்டும். ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு தனிப் பக்கம், அப்பக்கத்துக்குத் தனித் தலைப்பு, தலைப்பின் கீழ் ரகம் இன்னதென்று இரண்டு வரி விளக்கம் இருத்தல் நலம்.

ஆயின் ஓர் எச்சரிக்கை. சொல் வேண்டும் என்று கேட்ட சிலர், ஒரே சொல்லை ஒரு பக்கத்தில் ஐம்பது முறை எழுதுகிறார்கள். அது சந்தையில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொள்வது போன்றதே. அவ்வாறு திணிப்பதைத் தேடுபொறிகள் குற்றமாகவே கருதுகின்றன. பக்கத்தில் மறைவாகக் குறிச்சொற்களை அடுக்கி வைக்கும் பழைய முறையையும், தரவரிசைக்குத் தாம் கொள்வதில்லை என்று கூகுள் நிறுவனம் 2009லேயே அறிவித்துவிட்டது.

சீர்காழியில் பிறந்து நூலகத் துறைக்கே இலக்கணம் வகுத்த எஸ். ஆர். ரங்கநாதன் அவர்கள், ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும், வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்ற கருத்தை 1931லேயே வற்புறுத்தினார். நூல் என்ற இடத்தில் துணியை வைத்துப் பாருங்கள். இன்றைய தேடுபொறிக்கும் அதே நீதிதான்.

நான்காவது குறை முகவரி. தளத்தில் ஒரு தொலைபேசி எண். கூகுள் வரைபடத்தில் பழைய எண். ஊர்ப் பெயரோ ஓரிடத்தில் சோமனூர், ஓரிடத்தில் கருமத்தம்பட்டி, ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமான எழுத்துக்கூட்டல். வந்து பார்க்க விரும்பும் வியாபாரி எங்கே இறங்குவார்? பெயர், முகவரி, எண் மூன்றும் எல்லா இடங்களிலும் ஒன்றுபோல் இருக்கவேண்டும். வரைபடத்தில் தொழிலிடத்தைப் பதிவு செய்வதற்குக் கட்டணம் இல்லை. சோமனூர் இரயில் நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம், கருமத்தம்பட்டியில் தேசிய நெடுஞ்சாலையிலிருந்து எப்படி வருவது என்று இரண்டு வரி எழுதிவைத்தால் அதுவும் பயன்படும்.

இந்நான்கையும் சரிசெய்தபின் கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டுண்டு. ஒன்று, பெரும்பாலோர் கைப்பேசியில்தான் தேடுகிறார்கள். கூகுள் நிறுவனமும் தளத்தின் கைப்பேசித் தோற்றத்தையே அடிப்படையாகக் கொண்டு அட்டவணைப்படுத்துகிறது. ஆகவே எழுத்து கைப்பேசியில் தெளிவாகத் தெரியவேண்டும். படங்களின் அளவைக் குறைத்து, பக்கம் விரைவாகத் திறக்கும்படி செய்யவேண்டும். மற்றொன்று நற்சாட்சி. 1998ஆம் ஆண்டு கூகுளைத் தொடங்கிய லாரி பேஜ், செர்கே பிரின் இருவரும், ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்தபோது கண்ட கருத்து யாதெனில், ஒரு பக்கத்தைச் சுட்டி மற்றப் பக்கங்கள் எத்தனை இணைப்புத் தருகின்றன, தருகிறவை எத்தகையவை என்பதும் அதன் மதிப்பைக் காட்டும் என்பதே. பெண் கொடுக்குமுன் நாம் ஊரில் நாலு பேரை விசாரிக்கிறோமல்லவா? அதே முறைதான். நம்மிடம் வாங்குகிற கடைக்காரர், நாம் அங்கம் வகிக்கும் சங்கம், நம் ரகத்தைப் பற்றி எழுதும் இதழ் ஆகியோர் தாமாகத் தரும் இணைப்பு மதிப்புடையது. விலைக்கு வாங்கிய சாட்சி அங்கேயும் செல்லாது. கண்டுபிடிக்கப்பட்டால் உள்ள இடமும் போகும்.

சகோதரர்களே! "உங்கள் தளத்தை ஒரே வாரத்தில் முதலிடத்துக்குக் கொண்டுவருகிறோம்" என்று தொலைபேசியில் பேசிப் பணம் கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். முதலிடம் தருவதாக எவரும் உறுதி கூற இயலாது என்பதைக் கூகுள் நிறுவனமே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. அட்டவணையில் ஏறுவதற்கும் வரிசையில் உயர்வதற்கும் அது பணம் பெறுவதில்லை. பணம் கொடுத்துப் போடும் விளம்பரம் வேறு. அது விளம்பரம் என்ற குறிப்புடனேயே தோன்றும். திறமையும் நேர்மையும் உடைய தொழில்நுட்பத் தம்பிமார்கள் நம் பகுதியில் உண்டு. அவர்களுக்குரிய கூலியை மனமாரக் கொடுக்கவேண்டும். ஆனால் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தளத்தின் பெயர்ப் பதிவும் கடவுச்சொல்லும் உங்கள் வசமே இருக்கட்டும். சாவியைப் பிறரிடம் கொடுத்துவிட்டுத் தறிக்கூடம் நடத்துவார் உண்டா?

விவசாயிகளுக்கும் இதில் பங்குண்டு. செக்கில் ஆட்டிய எண்ணெய், நாட்டுச் சர்க்கரை, மஞ்சள், தென்னங்கன்று என்று நேராக விற்க முற்படுகிறவர்கள், வாங்குகிறவர் கேட்கும் கேள்விகளையே ஒரு தாளில் குறித்து வாருங்கள். எந்த மாதத்தில் கிடைக்கும்? எத்தனை நாள் கெடாது? எவ்வாறு அனுப்புவீர்கள்? அக்கேள்விகளுக்கு உண்மையான விடை எழுதிய பக்கமே நல்ல பக்கம். இப்போது தேடுபொறி சில வினாக்களுக்குத் தானே சுருக்க விடை தொகுத்து மேலே காட்டுகிறது. தெளிவான விவரம் எழுதியவருக்கு அதிலும் இடம் கிடைக்கக்கூடும். உண்மையை மட்டும் எழுதுங்கள். ஈரோடு மஞ்சள் 2019லும், கோவை கோரா காட்டன் சேலை 2014லும் புவிசார் குறியீடு பெற்றவை. உரிமையில்லாதவர் அப்பெயர்களைப் போட்டு வாடிக்கையாளரை இழுப்பது முறையன்று, சட்டத்துக்கும் விரோதம்.

அக்குடும்பத்தின் கதை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். திருத்தியவுடன் ஒன்றும் நடக்கவில்லை. திருத்தங்களின் பலன் தெரியச் சில மணி நேரமும் ஆகலாம். பல மாதங்களும் ஆகலாம். பெரியவர் தினந்தோறும் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது மாதத்தில் ஒருவர் தொலைபேசியில் அழைத்து ஒரு ரகத்தின் அகலத்தைக் கேட்டார். பேசியவர் மகனல்லர், பெரியவர்தான். மாதிரி அனுப்பினார்கள், சிறிய ஆர்டர் ஒன்று வந்தது. பன்னிரண்டு தறிகளில் இரண்டு இன்று சொந்தப் பாவில் ஓடுகின்றன. மற்றப் பத்தும் கூலிக்கே ஓடுகின்றன. கூலிப் பிரச்சினையை வலைத்தளம் தீர்த்துவிடும் என்று நாம் சொல்லமாட்டோம். அது பேசித் தீர்க்கவேண்டிய விஷயம். நூல் விலை ஏறினால் சொந்தப் பாவில் நஷ்டமும் நம்முடையதே. ஆனால் துணியை வாங்குகிறவர் யார் என்று தெரிந்தவன், கூலி பேசும் இடத்திலும் சற்று நிமிர்ந்து உட்காருகிறான். அதுவே நாம் கண்ட பலன்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரின் பெயரை ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுமாறு தொழில் செய்வோரிடம் எடுத்துச் சொல்லுங்கள். வரைபடத்தில் ஊரும் தெருவும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். கற்ற இளைஞர்களையும் மகளிர் சுய உதவிக் குழுக்களையும் ஓரிடத்தில் கூட்டி, மாதம் ஒரு மாலை இவ்வேலைக்கு ஒதுக்குங்கள். இதற்குப் பெருஞ்செலவு இல்லை, பொறுமைதான் வேண்டும்.

இன்று வீடு திரும்பியதும் ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் விற்கும் பொருளை, உங்கள் பெயரைச் சொல்லாமல், முன்பின் அறியாத ஒருவர் தேடுவது போலத் தேடிப் பாருங்கள். நீங்கள் தென்படுகிறீர்களா? இல்லையெனில் நாளைக் காலையில் வேலையைத் தொடங்குங்கள். நம் வட்டார அலுவலகத்தின் கதவு உங்களுக்காகத் திறந்தே இருக்கும்.