ஃப்யூஸ் போனால் பல்பை மாட்டுங்கள்



"வெற்றிக் கதை ஏதாவது சொல்லுப்பா" என்றார் செயலாளர். என்னிடம் இருப்பது தோல்விக் கதை. மாணவர்களுக்கு அதுதான் உபயோகப்படும் என்று வாதாடி அனுமதி வாங்கியிருக்கிறேன்.

1995. படிப்பு முடிந்து ஆறு மாதம். கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலை. ஒரு டி.டி.பி. கடையில் மிஷின் ஆன் ஆகவில்லை. முகூர்த்த சீசன், மூன்று கல்யாணப் பத்திரிகை பாதியில் நிற்கிறது. கடைக்காரர் வீட்டு நகையை அடகு வைத்து வாங்கிய கம்ப்யூட்டர் அது. பவர் சப்ளையைத் திறந்தேன். ஃப்யூஸ் போயிருந்தது. "அட, இவ்வளவுதானா!" என்று புதுசு போட்டேன். சுவிட்சைத் தட்டியதும் அதுவும் போச்சு. பையில் வேறு ஃப்யூஸ் இல்லை. அவரோ என் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஒயரிலிருந்து ஒரு செம்பு இழையை உருவி ஃப்யூஸ் மேல் சுற்றினேன். டமார்! புகை அடங்கியபோது போர்டில் தடங்கள் உரிந்து, அட்டை கருகியிருந்தது. அவர் திட்டவில்லை. "தம்பி, சாப்டீங்களா?" என்றார். திட்டியிருக்கலாம்.

மூலப் பழுது, ஷார்ட் ஆகியிருந்த ஒரே ஒரு ஸ்விட்சிங் டிரான்சிஸ்டர். முழு சப்ளையும் மாற்ற வேண்டியதாயிற்று. பத்திரிகை வேலை அடுத்த கடைக்குப் போய்விட்டது.

முதல் ஃப்யூஸே எனக்குச் சொல்லியிருந்தது, நான்தான் கேட்கவில்லை. கம்பி மட்டும் அறுந்து கண்ணாடி தெளிவாக இருந்தால், லேசான ஓவர்லோடாகவோ ஃப்யூஸின் வயதாகவோ இருக்கலாம். கண்ணாடி உள்ளே கறுத்திருந்தால் பெரும்பாலும் பின்னால் ஷார்ட். அன்று கறுத்துத்தான் இருந்தது.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை, இன்சுலேஷன் உள்ள பிடியோடு, சில விநாடி குறுக்கே வைத்து இறக்குங்கள். மீட்டரில் பார்த்துவிட்டுத் தொடுங்கள். பிறகு பிரிட்ஜ் டயோடுகள், டிரான்சிஸ்டர்கள். முனைகளை மாற்றி வைத்தாலும் மீட்டர் பூஜ்யத்தையே காட்டுகிறதா? அதைக் கழற்றித் தனியாகச் சோதியுங்கள்.

பழுதை மாற்றியதும் நேராக மெயின்ஸில் செருகாதீர்கள். நம்ம லேப் மூலையில் ஒரு மரப்பலகையில் பல்பு இருக்குமே, ஞாபகம் இருக்கா? லேப் அண்ணன் வைத்திருந்தார். நாங்கள் கிண்டல் செய்தோம். சப்ளைக்குத் தொடரில் 100 வாட் இழை பல்பு. எல்.இ.டி. இதற்கு உதவாது. பளிச்சென்று எரிந்து மங்கினால் ஷார்ட் இல்லை, கண்டென்சர் சார்ஜ் ஆகியிருக்கிறது. முழு வெளிச்சத்திலேயே நின்றால் ஷார்ட் இன்னும் போகவில்லை. ஆனால் அரை ஆம்பியருக்கு மேல் பல்பு விடாது, போர்டு பிழைக்கும். எல்லாம் சரியென்றால், போர்டில் அச்சிட்ட அதே அளவு, அதே வகை ஃப்யூஸ். ஒரு ஆம்பியர் கூடப் போடாதீர்கள்.

அப்படி ஒரு பலகை செய்து இன்று கொண்டுவந்திருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு லேபுக்கு வாருங்கள். ஹாஸ்டலில் செத்த சப்ளை ஏதும் கிடந்தால் அதையும் எடுத்து வாருங்கள்.