அத்தோ இறங்கும் வழி



பொழுது சாய்ந்தால் பாரிமுனை செகண்ட் லைன் பீச்சில் அத்தோக் கடைகளைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடும். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த பண்டம் இது. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணி, எண்ணெய் எல்லாவற்றையும் கடைக்காரர் கையாலேயே பிசைந்து தட்டில் வைப்பார். கூடவே மசாலா அடைத்த முட்டை, கடைசியாக ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப்.

துறைமுகத்தில் நைட் ஷிப்ட் போகிறவர் ஏழு மணிக்கு இதைச் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர்தான். தசைகள் மேலிருந்து கீழாகச் சுருங்கிச் சுருங்கித் தள்ளுவதால் பத்து விநாடிக்குள் கவளம் இரைப்பைக்குப் போய்விடும். தலைகீழாகத் தொங்கினாலும் போகும். யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

வேடிக்கை இரைப்பையில்தான். உள்ளே போன வரிசையில் எதுவும் வெளியேறாது. கடைசியில் குடித்த சூப் முதலில் நழுவிவிடும். முட்டையும் நூடுல்ஸும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டருக்கும் சின்னதாக அரைபட்டால்தான் வாசல் விடும். எண்ணெய் சிறுகுடலை எட்டியதுமே, "மெதுவா அனுப்பு" என்று இரைப்பைக்குத் தகவல் போய்விடுகிறது. பதினொரு மணிக்கும் வயிறு திம்மென்று இருப்பது அதனால்தான்.

கஞ்சிக்கு இந்தத் தாமதம் கிடையாது. 1782இல், பஞ்சத்தில் வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய ராயபுரம் மணியக்காரர் சத்திரத்தின் வழியில் வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரி. பழைய ஆட்களுக்கு அது கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. பட்டினி கிடந்த உடம்புக்குக் கஞ்சி சட்டென்று சேரும். அதே வேகத்தில் பசியும் திரும்பிவிடும்.

அடுத்தது, ஆறு மீட்டர் போலச் சுருண்டு கிடக்கும் சிறுகுடல். சத்தெல்லாம் ரத்தத்தில் சேர்வது பெரும்பாலும் இங்கேதான். ஒரு நாளில் நாம் சாப்பிட்டுக் குடிப்பதில் இரண்டு லிட்டர், எச்சிலும் பித்தமும் மற்றச் சுரப்புகளுமாக உடம்பே ஊற்றுவது ஏழு லிட்டர். அந்த ஒன்பதில் பெருங்குடலுக்குப் போவது ஒன்றரை லிட்டர்தான். மலத்தோடு வெளியேறுவது ஒரு டம்ளர்கூட இருக்காது. வயிற்றுப்போக்கில் இந்தக் கணக்கு தலைகீழாவதால்தான் உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல் உயிர் காக்கிறது.

வாழைத்தண்டு நாரும் கோஸும் பெருங்குடலுக்குப் போய், ஒரு நாளோ அதற்கு மேலோ அங்கே தங்கும். பெருங்குடல் ராத்திரியில் அடங்கிக் கிடக்கும். விடிந்து எழுந்ததும், வயிற்றில் ஏதாவது விழுந்ததும் விறுவிறுப்பாகும். ராத்திரி முழுக்க விழித்துப் பகலில் தூங்குகிறவருக்கு இந்தக் கடிகாரம் குழம்பிவிடுகிறது. "நைட் டூட்டின்னா மோஷனே சரியா போறதில்லப்பா" என்று எண்ணூர்ப் பக்கம் சொல்வது வெறும் சாக்கு இல்லை. அதற்காகப் பதறவும் வேண்டாம்: ஒரு நாளைக்கு மூன்று தடவை முதல் வாரத்துக்கு மூன்று தடவை வரை, டாக்டர்கள் கணக்கில் எல்லாமே இயல்புதான்.