மணலின் பெயர் கொண்ட மீன்



நெய்யாற்றின்கரை வட்டத்திலுள்ள கோட்டுகால், பாறசாலை முதலிய ஊர்களில் தமிழும் மலையாளமும் அடுத்தடுத்த வீடுகளில் வழங்குகின்றன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் பிரிந்தபோது, விளவங்கோடு அன்றைய சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஓடை மீன்களோ எல்லை அறியா. நாம் அயிரை என்னும் சிறுமீனை மலையாளத்தார் மணலாரோன் என்பர். அயிர் என்னும் தமிழ்ச் சொல்லுக்கு நுண்மணல் என்பது பொருள். ஆகவே இரு பெயர்களும் மணலையே நினைவூட்டுகின்றன.

மதுரைப் பக்கத்தில் அயிரைக் குழம்பின் சுவை அறியாதார் இலர். அறிவியலார் இம்மீனைக் கோபிட்டிடே என்னும் குடும்பத்தில் வைத்துள்ளனர். 1846-இல் இலங்கையின் கன்னியா வெந்நீரூற்று மீனைக் கொண்டு இதனை விவரித்ததால், 'தெர்மாலிஸ்' என்ற பெயர் வாய்த்தது. வாயைச் சுற்றிலும் மீசைகள். கண்ணின் கீழ் நிமிர்த்தத்தக்க ஒரு முள். மணலைத் துழாவி உண்ணும். அஞ்சினால் அதிலேயே புதையும். நீரில் பிராணவாயு குறையுங்கால் மேலே வந்து காற்றை விழுங்கி, குடலின் வழியே சுவாசிக்கும் ஆற்றல் இக்குடும்பத்து மீன்களுக்கு உண்டு.

இத்தகைய மீன்கள் இன்று கண்ணாடித் தொட்டிகளிலும் வாழ்கின்றன. அழகுக்காகக் கூரிய சரளைக் கற்களை நாம் பரப்பினால், மீசை தேய்ந்து புண்ணாகும். எனவே நுண்மணல் இடுதல் வேண்டும். ஐந்தாறு மீன்களைச் சேர்த்தே வளர்த்தல் நன்று. துள்ளி வெளியே விழாதிருக்க மூடியும் தேவை. கண்முள் வலையில் சிக்குமாதலால், பாத்திரத்தால் மொண்டு எடுத்தல் நலம். உறவுக் குடும்பத்தைச் சேர்ந்த, சுமத்திரா, போர்னியோ ஆறுகளுக்குரிய கோமாளி லோச் என்னும் மீன் கடையில் விரலளவே இருக்கும்; பின்னர் ஓரடி வரை வளரக்கூடும். வாங்குமுன் தொட்டியின் அளவை எண்ணுதல் கடமை. வளர்ந்துவிட்டதென்று அதனை ஆற்றில் விடுதலும் தகாது. அயலிடத்து மீன் நம் ஆற்று உயிர்களுக்குத் தீங்காகலாம்.

தொட்டிக்கு ஒரு கூடை மணல் போதும், ஆற்றுக்கு அப்படியன்று. அகத்தியர் மலையில் பிறந்து பூவாறில் கடல் சேரும் நெய்யாற்றிலும் மணல் மிகுதியாக அள்ளப்பட்டது. கேரளத்தில் ஆற்றங்கரைகளைக் காக்கவும் மணல் எடுப்பை ஒழுங்குபடுத்தவும் 2001-இல் சட்டம் பிறந்தது. மணல் போன இடத்தில் பள்ளமும் சேறுமே எஞ்சும். அங்கே அயிரை எதில் துழாவும், எதில் ஒளியும்?

பிறந்த ஊரை விட்டு வந்த நமக்கு, காலூன்ற ஓரிடம் வேண்டுமென்பதை எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. தொட்டியில் அயிரை வளர்க்கும் பிள்ளைகளை ஒரு நாள் அருகிலுள்ள ஓடைக்கும் அழைத்துச் செல்வோம். மணல் எங்கே தங்கியிருக்கிறது என்று காட்டுவோம். அதனை அள்ளாது காக்க வேண்டிய காரணத்தையும் தமிழிலேயே எடுத்துரைப்போம்.