குழாய் வரைபடமும் நம் பிள்ளைகளும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மிஹி தஆலா.

 

மார்க்கம் பேச வேண்டிய இமாம் தொழிற்சாலைக் குழாய்களைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். விடுமுறையில் ஊர் வந்திருந்த நம் மஹல்லாப் பிள்ளை ஒருவர், இஷா தொழுகைக்குப் பின் தம் கையிலிருந்த தழும்பை என்னிடம் காட்டினார். வெளிநாட்டில் ஓர் ஆலையில் உதவியாளராக இருந்தபோது, குறிப்பிட்ட எண்ணுள்ள வால்வை மூடிவிட்டுக் குழாயைக் கழற்றும்படி அவரை அனுப்பினார்கள். எண் பொறித்த தகட்டின் மீது பெயின்ட் பூசப்பட்டிருந்தது. வரைபடத்தைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளவும் அவருக்குத் தெரியாது. அடுத்திருந்த வால்வை மூடிவிட்டுக் குழாயைக் கழற்றினார். நீராவி கையைச் சுட்டுவிட்டது. அல்லாஹ் உயிரைக் காத்தான்.

அதன்பின் அவர் முயன்று கற்ற வரைபடம் ஒன்றை என்முன் விரித்தார். பைப்பிங் அண்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன் டயகிராம் என்பது அதன் பெயர். சுருக்கமாக பி அண்ட் ஐடி என்கிறார்கள். கோடுகள் குழாய்களைக் குறிக்கின்றன. சிறு வட்டங்கள் கருவிகளைக் குறிக்கின்றன. வெறும் வட்டமாயின் கருவி குழாயருகே இருக்கிறது. வட்டத்தின் நடுவே குறுக்குக் கோடு இருந்தால், அது கட்டுப்பாட்டு அறையின் பலகையில் இருக்கிறது. வட்டத்தைச் சுற்றிச் சதுரம் இருந்தால், கணினித் திரையில் காணப்படுகிறது.

வட்டத்தினுள் எழுத்துகள் உள்ளன. முதல் எழுத்து எதை அளக்கிறோம் என்பதைச் சொல்லும்: பி என்றால் அழுத்தம், டி என்றால் வெப்பம், எஃப் என்றால் ஓட்டம், எல் என்றால் மட்டம். பின்வரும் எழுத்துகள் கருவியின் வேலையைச் சொல்லும்: ஐ காட்டுவது, டி அளவை அனுப்புவது, சி கட்டுப்படுத்துவது, வி வால்வு. எஃப்டி-101 ஓட்டத்தை அளந்து அனுப்பும்; எஃப்ஐசி-101 அதைக் காட்டிக் கட்டுப்படுத்தும்; எஃப்வி-101 என்ற வால்வு அதன்படி திறந்து மூடும். மூன்றுக்கும் எண் ஒன்றே. மூன்றும் ஒரு குடும்பம். டி என்ற ஒரே எழுத்து முதலில் நின்றால் வெப்பம், பின்னால் நின்றால் அனுப்புவது. இடமறியாதவன் பொருளைத் தவறவிடுவான்.

இம்முறையை ஐஎஸ்ஏ என்னும் அமெரிக்கக் கருவியியல் சங்கம் 1949இல் முதன்முதலாக வகுத்தது, 5.1 என்ற எண்ணுள்ள அத்தரநிலை பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது. எனினும் ஆலைக்கு ஆலை சிறு மாற்றங்கள் உண்டு. ஆகவே வரைபடக் கட்டின் முன்னே உள்ள குறிவிளக்கத் தாளை முதலில் படிக்க வேண்டும்.

சகோதரர்களே! இது நமக்குப் புதிய கல்வியன்று. குர்ஆன் ஓதும்போது மீம் என்ற குறியைக் கண்டால் கட்டாயம் நிறுத்துகிறோம்; ஜீம் கண்டால் நிறுத்தலாம் என அறிகிறோம்; வசனத்தின் நடுவே லா கண்டால் நிறுத்துவதில்லை. ஹிஜ்ரி 560இல் மறைந்த இமாம் ஸஜாவந்தி அவர்கள் வகுத்த முறை இது. தவறான இடத்தில் நிறுத்தினால் பொருள் கெடும் என்பதை மக்தப் பிள்ளையும் அறியும். ஆதம் (அலை) அவர்களுக்கு இறைவன் பொருள்களின் பெயர்களைக் கற்றுக்கொடுத்தான் என்பதையும் நாம் அறிவோம்.

நம் மரக்காணத்து உப்பளத்திலும் இந்த அறிவு உண்டு. கண்ணாடி அளவுமானியை உப்புநீரில் மிதக்கவிட்டு டிகிரி பார்க்கிறார்கள். ஏறத்தாழ 25 டிகிரியில் உப்பு விளைகிறது. 30ஐ நெருங்கினால் கசப்பு நீரை வெளியேற்ற வேண்டும். உப்பிலிருந்தே காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கிறார்கள். பாத்தியில் அளவு தவறினால் உப்பு கெடும். குளோரின் ஆலையில் தவறினால் உயிர் போகும்.

போபாலை நினைத்துப் பாருங்கள். 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு, இ-610 என்று பெயரிடப்பட்ட தொட்டியில் சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் இருந்தது. அதனுள் தண்ணீர் புகுந்தது. இரவு 11 மணியளவில் அழுத்தமானி 2லிருந்து 10க்கு உயர்ந்திருந்தது. அந்த ஆலையின் கருவிகள் அடிக்கடி தவறாகக் காட்டிவந்ததால், அந்த எண்ணை எவரும் பெரிதாகக் கொள்ளவில்லை. நள்ளிரவுக்குப் பின் முள் 55 என்ற கடைசி அளவையும் கடந்தது. குளிரூட்டும் அமைப்பு சில மாதங்களுக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரிக்கும் கோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டிருந்தது. அதாவது, வரைபடத்தில் இருந்த காவல் ஆலையில் இல்லை. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

இதில் இரு பாடங்கள் உள்ளன. கருவி சொல்வதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். கருவியை உண்மை பேசும் நிலையில் வைத்திருக்கவும் வேண்டும். இரண்டும் அமானிதம். தராசில் குறைப்பது எத்தகைய குற்றம் என்று மார்க்கம் எச்சரிக்கிறது. பொய் காட்டும் மானியைக் கண்டும் காணாதிருப்பதும் அந்த வகையைச் சேர்ந்ததே என்பது எளியேனின் கருத்து.

ஆகவே நிர்வாகத்திடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஐடிஐ, டிப்ளமோ படிக்கும் பிள்ளைகளுக்கும், வெளிநாடு செல்லவிருப்போருக்கும், ஞாயிறுதோறும் அஸருக்குப் பின் மதரஸாக் கூடத்தில் வரைபடம் படிக்கும் வகுப்பு நடத்துவோம். மதம் பாராது ஊர்ப் பிள்ளைகள் அனைவரும் வரட்டும். அனுபவமுள்ளோர் விடுமுறையில் வரும்போது பாடம் எடுக்கட்டும். தழும்பு காட்டிய பிள்ளை முதல் வகுப்பை எடுக்க இசைந்துள்ளார்.

பிள்ளைகளே! எண் தெரியாத வால்வைத் தொடாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் இழிவில்லை; நம் இமாம்களும் அவ்வாறே சொல்லியிருக்கிறார்கள். கேட்டறிந்து செய்யுங்கள்.

வல்ல நாயன் நம் பிள்ளைகளுக்குப் பயன்தரும் கல்வியையும், ஹலாலான ரிஸ்கையும், நலமாக வீடு திரும்பும் பாக்கியத்தையும் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.